ஆடி முடிவதற்குள் மண்டப சோஃபா: தலை எண்ணெய், மஞ்சள், பழைய ஷாம்பூ

வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. மதுரையில் சோஃபா, கார் சீட், மெத்தை சுத்தம் செய்யும் தொழில். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பேசியிருக்கிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால்தான் இந்த வேலையே கிடைத்தது. ஆவணி பிறந்துவிட்டால் அறையைத் திறந்து காட்டக்கூட நேரம் இருக்காது என்கிறார் மேனேஜர்.

மேடையில் போடும் மெரூன் வெல்வெட் சோஃபா ஒரு ஜோடி. மணப்பெண் அறையில் கிரீம் நிற எல் வடிவ சோஃபா. மாப்பிள்ளை அறையில் சாம்பல் நிறத்தில் மூன்று பேர் உட்காரும் சோஃபா. எல்லாம் சிந்தெடிக் துணி என்றுதான் தோன்றுகிறது. உள்ளூரில் செய்தவை, லேபிள் எதிலும் கிடையாது.

மோசமானது கிரீம் சோஃபாதான். எண்ணெய் வைத்துப் பின்னிய தலைகள் சாய்ந்து சாய்ந்து, முதுகுப் பக்கத்தின் மேல் ஓரம் முழுக்கக் கறுப்புப் பட்டை. தொட்டால் விரல் ஒட்டுகிறது, நகத்தால் சுரண்டினால் அழுக்கு சுருண்டு வருகிறது. கைப்பிடியில் மஞ்சள், சந்தனம், குங்குமம். ஒரு மூலையில் வெற்றிலைச் சாறு, பக்கத்திலேயே சுண்ணாம்பு காய்ந்து பொருக்காக. இருக்கையில் பாயசம் கொட்டி விறைத்த இடம்.

இதில் இன்னொரு வில்லங்கம். போன தையில் யாரோ வந்து ஷாம்பூ நுரை போட்டுத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருந்ததாம். சித்திரைக்குள் முன்பைவிடக் கறுப்பு. அதனால் மேனேஜர் பாதிப் பணம் இப்போது, மீதி ஒரு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு என்கிறார்.

தண்ணீர் அடித்து உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்ஷன் மெஷின், ஸ்டீமர், வெட்-டிரை வேக்கம் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. எதில் தொடங்கலாம்?

நூல்பாவு

மெஷின் எல்லாம் அப்புறம். முதலில் துணி என்னவென்று தெரியட்டும். சோஃபாவைக் கவிழ்த்து, அடியில் ஸ்டேப்ளர் அடித்த ஓரத்திலிருந்து நூல் உருவுங்கள். பாவிலும் (நீளவாக்கு நூல்) எடுங்கள், ஊடையிலும் (குறுக்கு நூல்) எடுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு நூல் போடுவது சகஜம். மண்டபத்துக்கு வெளியே வந்து, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு பற்றவையுங்கள்.

பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகி, கரும்புகை விட்டு எரியும். ஆறினால் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணி. பாலிப்ரோப்பிலீன் என்றால் மெழுகுவர்த்தியை அணைத்த வாசனை வரும். சந்தேகமாக இருந்தால் எரிக்காத நூலைத் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். அதன் அடர்த்தி 0.91, மேலே வந்துவிடும். பாலியஸ்டர் 1.38, மூழ்கும். காகிதம் எரிந்த வாசனையும் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தியோ, மரக்கூழில் செய்யும் விஸ்கோஸோ இருக்கிறது. அப்போது கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்றால், பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரம் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. பாலிப்ரோப்பிலீன் கிட்டத்தட்ட பூஜ்யம். காபி கொட்டினால் இது வரம், தலை எண்ணெய்க்கு இதுவே சாபம். தண்ணீரை விரட்டும் இழை எண்ணெயைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். உட்கார்ந்த எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பழுத்துப் பிசினாகும், அதில் தூசி ஒட்டும். நீங்கள் பார்க்கும் கறுப்பு அந்தத் தூசிதான். அதை மட்டும் எடுத்துவிட்டு எண்ணெயை விட்டால் சித்திரையில் நடந்தது மறுபடி நடக்கும்.

ஷார்ஜாவாசி

ஷார்ஜாவில் இதே வேலைதான் செய்கிறேன், சொந்த ஊர் சிவகங்கை. இங்கே அரபிகள் வீட்டு மஜ்லிஸ், அதாவது விருந்தினர் கூடம், முழுக்க பாலியஸ்டர். மணல்தூசி, பேரீச்சம்பழப் பிசுக்கு, பகூர் என்கிற வாசனைப் புகை. உங்களுடையதில் பாயசம் இருக்கிறது, மற்றபடி ஒரே சாதி அழுக்கு.

முதல் வேலை காய்ந்த நிலையில். இதில் அவசரப்படாதீர்கள். குஷனுக்கு இடையில் ஒடுங்கிய மூக்கு மாட்டி வேக்கம் ஓடட்டும். சேலையிலிருந்து உதிர்ந்த ஜிகினா, பூ நார், சேஃப்டி பின் எல்லாம் அங்கேதான் கிடக்கும். குங்குமமும் சந்தனமும் தூள். காய்ந்திருக்கும்வரை மெல்லிய பிரஷால் தட்டி உறிஞ்சிவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அது சாயம். சுண்ணாம்புப் பொருக்கையும் பாயசத்தையும் மழுங்கிய கரண்டி விளிம்பால் உடைத்து எடுங்கள்.

அடுத்தது அந்தப் பழைய ஷாம்பூ. வெள்ளை டவலை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஓரிடத்தில் தேயுங்கள். நுரை வந்தால் தைமாத ஷாம்பூ இன்னும் உள்ளே இருக்கிறது. அதன்மேல் நீங்கள் ஒரு ஷாம்பூ போடக் கூடாது. நுரை டேங்க் நிறைந்து வேக்கம் மோட்டாருக்குள் போய்விடும். அழுக்கு டேங்கில் கொஞ்சம் நுரைக்கொல்லி ஊற்றிக்கொண்டு, வெறும் வெந்நீரால் ஒரு தடவை அடித்து உறிஞ்சுங்கள். வரும் தண்ணீரே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

தலை படும் பட்டைக்கு முதலில் சால்வென்ட். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், இல்லாவிட்டால் ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த கிரீஸ் நீக்கி. துணியில் நேராக ஊற்ற வேண்டாம். டவலில் எடுத்து ஒற்றி, டவலைத் திருப்பித் திருப்பி, கறுப்பு இறங்குவது குறையும்வரை. அப்புறம்தான் காரத்தன்மையுள்ள ப்ரீ-ஸ்ப்ரே, அதாவது அலசுவதற்கு முன் தெளித்து அழுக்கை இளக்கும் மருந்து. பிஎச் (7 நடுநிலை, மேலே போனால் காரம், கீழே போனால் அமிலம்) 9, 10 வரை பாலியஸ்டர் தாங்கும். தெளித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், அது காயக் கூடாது, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். குதிரைமுடி பிரஷ் போதும். நைலான் பிரஷால் தேய்த்தால் துணியில் பஞ்சு எழும்பும்.

பிறகு 50 டிகிரி அளவில் வெந்நீர். சின்ன மெஷின் டேங்கில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், பம்ப் போய்விடும். ஒரு இழுப்பு தண்ணீரோடு, இரண்டு இழுப்பு தண்ணீர் இல்லாமல். கண்ணாடி மூக்கில் டிகாக்ஷன் நிறத்தில் ஏறும் தண்ணீர் தெளிகிறவரை. கடைசி அலசல் அமிலத்தில், அதைத் தனியாக எழுதுகிறேன், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

பளிச்பாண்டி

இத்தனை கெமிக்கல் எதற்கு? நல்ல ஸ்டீமர் இருந்தால் போதும். 4 பார் அழுத்தத்தில் அடித்தால் எண்ணெய் உருகி வந்துவிடும், கிருமியும் சாகும், ஈரமும் குறைவு. நான் கார் சீட் எல்லாம் இப்படித்தான் செய்கிறேன். கஸ்டமரும் கெமிக்கல் இல்லை என்றால் சந்தோஷப்படுகிறார்.

நூல்பாவு

உருகி வரும் சரி, எங்கே போகும்? ஸ்டீமர் உறிஞ்சாது. உருகிய எண்ணெயில் பாதி டவலுக்கு வரும், பாதி ஃபோமுக்குள் இறங்கும்.

வெப்பத்தைக் குறை சொல்லவில்லை. சலவைப் பொருள் செய்யும் ஹெங்கெல் நிறுவனத்திலிருந்த ஹெர்பர்ட் சின்னர் 1959இல் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்: வெப்பம், தேய்ப்பு, வேதிப்பொருள், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறையும், நெய் அதற்குக் கொஞ்சம் மேலே. மண்டபத்தில் பாயசமும் நெய்யும் இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் 50, 60 டிகிரிக்கு மேலே போய் என்ன லாபம்?

நஷ்டம் இருக்கிறது. பாலியஸ்டர் இழை 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெல்வெட்டின் நிமிர்ந்த இழைமேல் நூறு டிகிரி ஆவியை அடித்து டவலால் அழுத்தினால், படுத்த இழை படுத்தபடியே ஆறும். மெரூன் சோஃபாவில் கை அச்சு விழுந்தால் மேடை வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் தெரியும். பால் பட்ட இடத்தில் சூடு இன்னும் மோசம், புரதம் இறுகிவிடும். அங்கே வெதுவெதுப்பான தண்ணீரில் புரதத்தை உடைக்கும் என்ஸைம் கலந்து பொறுமையாக விடுவதுதான் வழி.

பளிச்பாண்டி

வெல்வெட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் வரும் கார் சீட்டில் வெல்வெட் இருப்பதில்லை. மற்றதற்கு ஸ்டீம் அடித்துக்கொண்டே இன்னொரு கையில் வேக்கம் பிடித்தால் என்ன?

ஷார்ஜாவாசி

பிடிக்கலாம் பாண்டி, தையல் மடிப்பு, பட்டன் குழி இந்த இடங்களுக்கு நானும் அப்படிச் செய்வேன். ஆனால் தை மாதம் போட்ட ஷாம்பூவை ஸ்டீம் வெளியே கொண்டுவராது. அதற்கு அலச வேண்டும், அலச தண்ணீர் வேண்டும்.

குஷன்கடை

கோவையில் முப்பது வருடமாக சோஃபா செய்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எல்லாரும் மேலே பேசிக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

குஷனில் ஜிப் இருக்கிறதே என்று கழற்றி வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். அந்த ஜிப் ஃபோமை நுழைப்பதற்கு. மேல்துணி சுருங்காது, உள்ளே தைத்த பருத்தி லைனிங் சுருங்கும். அப்புறம் பழைய ஃபோமுக்குள் அந்த உறை ஏறாது, என்னிடம்தான் வர வேண்டும். உறை மேலேயே இருக்கட்டும், அங்கேயே சுத்தம் செய்யுங்கள்.

உள்ளூர் சோஃபாவில் சட்டம் பிளைவுட், சில்லறை மரம். அதன்மேல் சாக்கு, அதன்மேல் ஃபோம், கோரா துணி, கடைசியில் நீங்கள் பார்க்கும் துணி. தண்ணீர் அதிகமாகி மரத்தையும் சாக்கையும் தொட்டால், காயும்போது பழுப்புத் தண்ணீர் மேலே ஏறி வட்டம் போடும். கைப்பிடியில் ஃபோம் அரை இஞ்சுதான், அதற்குக் கீழே நேராகப் பலகை. அங்கே தண்ணீர் இழுப்பே குறைவாக வேண்டும்.

சால்வென்ட் பற்றியும் ஒன்று. சில துணிக்கு அடியில் ரப்பர் பூச்சு இருக்கும். பெட்ரோல், தின்னர் கொண்டு துடைக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பூச்சு கழன்று துணி பொம்மிவிடும், ஒட்டுப்பசையும் விடும். தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

ஃபோமை அமுக்கிப் பாருங்கள். உள்ளே பொடிந்து சரசரவென்றால் சுத்தம் செய்யும் காசு வீண், மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை!

வைகைக்கரை

ஃபோம் நன்றாக இருக்கிறது அண்ணே, தப்பித்தேன்.

நூல் சோதனை முடிந்தது. கிரீம்: கரும்புகை, கறுப்பு மணி, தண்ணீரில் மூழ்கியது. பாலியஸ்டர். சாம்பல்: மெழுகுவர்த்தி வாசனை, நூல் மிதந்தது. மெரூன்: மேலே நிமிர்ந்த இழை பாலியஸ்டர், அடித்துணியின் நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது.

வெந்நீர் டவலால் தேய்த்ததும் கிரீமில் நுரை வந்தது. ஷார்ஜா அண்ணன் சொன்னது சரி.

இன்னொன்று. கைப்பிடி ஓரத்தில் மஞ்சள் மேல் ப்ரீ-ஸ்ப்ரே ஒரு துளி விட்டுப் பார்த்தேன். சட்டென்று செங்கல் நிறம். துடைத்தும் போகவில்லை. முழுக்கத் தெளித்தால் மேனேஜர் என்னை வெளியே தள்ளிவிடுவார் போல.

நூல்பாவு

வேட்டியில் சாம்பார் பட்ட இடத்தில் சோப்பு போட்டால் சிவப்பது இதே கணக்குதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மறுபடி மஞ்சளாகும். எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) தண்ணீரில் கரைத்து அந்த இடத்தில் ஒற்றுங்கள், சிவப்பு திரும்பிவிடும். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், அது வேறு வேலை.

குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால் மஞ்சள் உள்ள இடத்தில் மட்டும் வரிசையை மாற்றுங்கள். காய்ந்த தூளை எடுத்த பிறகு, ப்ரீ-ஸ்ப்ரேக்கு முன்னாலேயே ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளை டவலால் ஒற்றுங்கள். தேய்த்தால் பரவும். டவலில் மஞ்சள் ஏறுவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். மிச்சத்துக்கு வெயில். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. குஷனைக் கழற்ற முடிந்தால் சுத்தம் செய்து முடித்து மாடியில் போடுங்கள்.

வெற்றிலைக் கறைக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கிரீமில் மறைவிடத்தில் சோதித்துவிட்டு. மெரூனில் வேண்டாம், நிறம் போனால் போனதுதான். சுண்ணாம்பின் மிச்சத்தை எலுமிச்சை உப்புத் தண்ணீர் கரைத்துவிடும்.

மெரூனுக்குத் தண்ணீர் மிகக் குறைவாக. பருத்தி அடித்துணி தண்ணீர் குடித்தால் சுருங்கும், பழுப்பேறும். நுரையை மட்டும் எடுத்து மேல் இழையைத் துடைத்து, உடனே உறிஞ்சி, ஈரம் இருக்கும்போதே ஒரே திசையில் பிரஷால் வாரிவிடுங்கள்.

மாடிவீட்டு மீனா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வீட்டில் சோஃபா இதே கிரீம் பாலியஸ்டர்தான். துணி துவைக்கும் பவுடர் கரைத்துத் தேய்க்கலாம் என்று இருந்தேன், அதிலும் போகாவிட்டால் ப்ளீச்சிங் பவுடர். செய்யலாமா?

ஷார்ஜாவாசி

இரண்டும் வேண்டாம் மேடம். பவுடரை வாஷிங் மெஷின் நாலு தண்ணீரில் அலசுகிறது, சோஃபாவை யார் அலசுவது? உள்ளே நின்றுபோய் அழுக்கை இழுக்கும். அதில் வெளுப்பாக்கி சாயமும் உண்டு, கிரீம் துணியில் திட்டுத் திட்டாக நீல வெள்ளை காட்டும்.

ப்ளீச்சிங் பவுடர் இருக்கும் இடத்தில் எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எதையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் ஆபத்து. வைகைக்கரை, உங்களுக்கும் இது பொருந்தும். முன்னால் வந்தவர்கள் எங்காவது ப்ளீச் போட்டார்களா என்று கேட்டுவிட்டு அமில அலசலுக்குப் போங்கள்.

இப்போது அந்த அலசல். மதுரையில் போர் தண்ணீர் உப்புதானே? கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்குங்கள். அதில் எலுமிச்சை உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள், பிஎச் காகிதத்தில் 4 பக்கம் காட்டினால் போதும். துணியில் நின்ற காரத்தை இது முறிக்கும், பிசுபிசுப்பு போகும். போன தையில் வந்தவர்கள் விட்டது இந்த ஒரு வேலைதான் என்று நினைக்கிறேன். நுரை போட்டார்கள், துடைத்தார்கள், அலசவில்லை.

பிறகு காயவைப்பது. இதற்குத்தான் கஸ்டமர் காசு கொடுக்கிறார், அவருக்கே அது தெரியாது. வெள்ளை டவலை வைத்து முழு எடையோடு முழங்கையால் அழுத்துங்கள். டவல் ஈரமாகிறது என்றால் இன்னும் உறிஞ்ச வேண்டும். குஷன்களை முக்கோணமாக நிறுத்துங்கள். மேலே சுற்றும் மின்விசிறி போதாது, தரையில் வைக்கும் பெரிய ஃபேனைச் சாய்வாக அடியுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆடிக் காற்று இலவசம். ஐப்பசி மழையில் இதே வேலையை எடுத்திருந்தால் ஏசி அறை இல்லாமல் தொடவே வேண்டாம் என்றிருப்பேன்.

பாயசம் கொட்டிய இடத்தில் உள்ளே ஃபோம்வரை சர்க்கரை இறங்கியிருக்கும். காயும்போது மேலே ஏறி வரும். அங்கே மடித்த வெள்ளை டவலை வைத்து மேலே கனமான பாத்திரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஏறுகிறது டவலில் ஏறட்டும்.

வைகைக்கரை

வேலை முடிந்தது, ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாளே.

கிரீமில் தலைப்பட்டைதான் நேரத்தைத் தின்றது. சால்வென்ட் டவல்கள் ஒரு வாளி நிறைந்துவிட்டன. முதல் வெறும் வெந்நீர் அலசலில் ப்ரீ-ஸ்ப்ரே போடாமலேயே நுரையோடு கறுப்புத் தண்ணீர். மேனேஜரைக் கூப்பிட்டு டேங்கைக் காட்டினேன், அதற்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. பாயசம் டவலில் பழுப்பாக ஏறியிருந்தது, துணியில் ஒன்றும் இல்லை. மஞ்சள் லேசாக இன்னும் தெரிகிறது, குஷன்கள் மாடியில் வெயிலில் கிடக்கின்றன. கைப்பிடியைத்தான் வெயிலுக்குத் தூக்கிப்போக முடியாதே, ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

சாம்பல் சோஃபாவில் ஒரு சந்தேகம். அலசிய தண்ணீர் தெளிவாகிவிட்டது, டவலில் எதுவும் ஏறவில்லை. ஆனாலும் உட்காரும் இடத்தின் முன் ஓரம் மங்கலாகவே இருக்கிறது.

நூல்பாவு

அது அழுக்கில்லை. தூசித் துகளோடு உட்கார்ந்து எழுந்து இழையின் மேல்பரப்பு கீறிப்போயிருக்கிறது. வெளிச்சம் சிதறுவதால் மங்கல். எந்த மருந்துக்கும் போகாது. இனி வேலை பேசும்போதே ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்த இடங்களைக் காட்டி, போட்டோ எடுத்துவிடுங்கள். முடித்த பிறகு சொன்னால் சாக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பளிச்பாண்டி

சீட்டுக்கு என்ன வாங்கினீர்கள்?

வைகைக்கரை

சீட் கணக்கில் பேசவில்லை பாண்டி. வழக்கமான சோஃபாவுக்குச் சீட் கணக்கு சரி, இந்த மாதிரிக்குக் கட்டாது. கிரீமுக்குத் தனி ரேட், மற்றவைக்குத் தனி ரேட் என்று எழுதிக் கொடுத்தேன். மீதிப் பணம் இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான், அதில் மேனேஜர் இறங்கவில்லை. ஆனால் தலை படும் இடத்துக்குக் கழற்றித் துவைக்கும் உறை தைக்க யாராவது இருக்கிறார்களா என்று அவரே கேட்டார். குஷன்கடை அண்ணே?

குஷன்கடை

தைத்துத் தருகிறேன். பாலியஸ்டரில் வேண்டாம், கனமான பருத்தி. வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் எண்ணெய் போய்விடும், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு செட்டாகச் சொல்லுங்கள், ஒன்று துவைக்கப் போனால் ஒன்று மேலே இருக்கும். பின்பக்கம் வெல்க்ரோ வைத்துவிடுகிறேன். முதுகின் நீளம், மேல் ஓரத்தின் தடிமன் இரண்டையும் அளந்து தனிமடலில் போடுங்கள். எல் வடிவத்தின் மூலையைத் தனியாக அளக்க வேண்டும்.